கிரிஸ்டல் ஆசிலேட்டரின் வெப்பநிலை வளைகோட்டை நாமே எடுப்பது: முழுமையான வழிகாட்டி

போர்டில் ஓடும் கடிகாரம் குளிரில் பின்தங்குகிறது. அல்லது காலையில் ஒழுங்காகப் பேசிய ரேடியோ தொகுதி, மதியம் பெட்டி சூடானதும் பேச மறுக்கிறது. இப்படி ஒரு சிக்கல் வந்தால் தரவுத்தாளில் இருக்கும் ±20 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற ஒற்றை எண் போதாது. உங்கள் போர்டில், உங்கள் கெப்பாசிட்டர்களோடு, போர்டுக்குக் கடிகாரத் துடிப்பு தரும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் எந்த வெப்பநிலையில் எவ்வளவு விலகுகிறது என்ற வளைகோடு வேண்டும். அதை எடுப்பதிலிருந்து, அதை வைத்துத் திருத்தம் போட்டுச் சரிபார்ப்பது வரை வரிசையாகப் பார்க்கலாம்.

தொடங்கும் முன் ஒன்று. புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நல்ல அதிர்வெண் கவுண்டரைத் தேடி அலைகிறார்கள். வெப்பநிலையை அளக்க ஏதோ ஒரு சென்சாரை எங்கோ ஒட்டிவிடுகிறார்கள். இது தலைகீழ். இந்த வேலையில் அதிர்வெண்ணை அளப்பது எளிது; கிரிஸ்டலின் உண்மையான வெப்பநிலையை அறிவதுதான் கஷ்டம். வளைகோடு கெட்டுப்போனால் பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி வெப்பநிலைப் பக்கம்தான் இருப்பான்.

1. கையில் இருப்பது எந்த வகைக் கிரிஸ்டல் என்று முதலில் பாருங்கள்

எந்த வகை என்று தெரிந்தால்தான் வளைகோடு என்ன வடிவில் வர வேண்டும் என்று தெரியும். எதிர்பார்ப்பு இல்லாமல் அளந்தால், தப்பான வளைகோட்டையும் சரி என்று நம்பிவிடுவோம்.

32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்டவை. இவற்றின் வளைகோடு கவிழ்ந்த பரவளையம். உச்சி 25 °செ அருகே இருக்கும். ஒரு கிரிஸ்டலுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து டிகிரி வரை இப்படியும் அப்படியும் நகரலாம். உச்சியிலிருந்து விலக விலக, சூடானாலும் குளிர்ந்தாலும், அதிர்வெண் குறையத்தான் செய்யும். கணக்கு இதுதான்:

விலகல் (பிபிஎம்) = −0.034 × (வெப்பநிலை − 25)²

0 °செ-இல் இது −21 பிபிஎம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி என்பதால் 1 பிபிஎம் என்பது நாளுக்கு 0.0864 விநாடி. ஆக, உறைநிலையில் கடிகாரம் நாளுக்குச் சுமார் 1.8 விநாடி பின்தங்கும். 45 °செ-இல் சுமார் −14 பிபிஎம், அதாவது 1.2 விநாடி.

மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களில் பெரும்பாலானவை ஏடி வெட்டு. குவார்ட்ஸ் கட்டியிலிருந்து சுமார் 35 டிகிரி 15 நிமிடக் கோணத்தில் (நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அறுக்கப்படுபவை. இவற்றின் வளைகோடு மூன்றாம் அடுக்கு. படுத்த எஸ் போல இருக்கும். நடுப்புள்ளி 26 °செ அருகே. அறுக்கும் கோணம் ஒரு சில நிமிடங்கள் மாறினாலே நடுப்பகுதியின் சரிவு மாறிவிடும். அதனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு கிரிஸ்டல்களின் வளைகோடுகள் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் எடுத்த வளைகோட்டை மற்றொன்றில் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

போர்டில் டிசிஎக்ஸ்ஓ என்ற வகை ஆசிலேட்டர் இருந்தால், அது உள்ளேயே திருத்தம் செய்துகொள்கிறது. அதில் மிஞ்சும் விலகல் நேர்த்தியான வளைகோடாக இல்லாமல் மேடுபள்ளமாக இருக்கும். அதற்கு மேல் நீங்கள் ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பொருத்த முயன்றால் பலன் சொற்பம்.

2. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று எழுதி வையுங்கள்

தரவுத்தாளில் மூன்று தனித்தனி எண்கள் இருக்கும். 25 °செ-இல் தொடக்க விலகல், வெப்பநிலை எல்லைக்குள் மாறும் அளவு, ஆண்டுக்கு ஆண்டு நகரும் அளவு. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வளைகோடு எடுத்துத் திருத்தினால் முதல் இரண்டும் போகும். மூன்றாவது போகாது, சாதாரணக் கிரிஸ்டல் முதல் ஆண்டிலேயே சில பிபிஎம் நகரக்கூடியது.

எனவே சாதாரணக் கிரிஸ்டலை வைத்து 2 பிபிஎம் வரை வருவது நியாயமான இலக்கு. 0.1 பிபிஎம் வேண்டும் என்றால் இந்த வழியை விட்டுவிட்டு, சூட்டு அறைக்குள் கிரிஸ்டலை வைத்திருக்கும் ஓசிஎக்ஸ்ஓ வாங்குங்கள். நேரம் மிச்சம்.

3. வேண்டிய பொருட்கள்

ஒப்பீட்டுக்கு ஒரு நிலையான கடிகாரம் வேண்டும். விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் ஜிபிஎஸ் தொகுதி போதும். அதன் துடிப்பு சில பத்து நானோ விநாடிகள் தடுமாறும். 50 நானோ விநாடி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு விநாடி அளவீட்டில் பிழை 0.05 பிபிஎம், பத்து விநாடிக்கு எடுத்தால் 0.005. நம் வேலைக்கு இது தாராளம். ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் பிடிபடாதபோதும் சில தொகுதிகள் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது அது தன் சொந்தக் கிரிஸ்டலில் ஓடுகிறது, அதுவும் வெப்பநிலைக்கு ஆடும். தொகுதி செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு அளவீட்டு வரியோடும் பதிவு செய்யுங்கள்.

மேசைக் கவுண்டர் இருந்தால் நல்லது. ஆனால் அதன் உள்ளே இருப்பதும் ஒரு கிரிஸ்டல்தான். வெளி ஒப்பீட்டு உள்ளீடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அரை மணி நேரமாவது ஓடவிட்டு, ஜிபிஎஸ் துடிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள்.

வெப்பநிலை அறை என்று விலை உயர்ந்த ஒன்று தேவையில்லை. தடித்த தெர்மாகோல் பெட்டி, உள்ளே காற்றைச் சுழற்ற ஒரு சிறிய விசிறி, சூடாக்க ஒரு மின்தடை, குளிர்விக்க பெல்டியர் தகடு அல்லது ஐஸ் பேக் போதும். விசிறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பெட்டியின் மேலும் கீழும் பல டிகிரி வித்தியாசம் வரும். தெர்மாகோல் 70 °செ-க்கு மேல் இளக ஆரம்பிக்கும்; அதற்கு மேல் போக வேண்டுமானால் வேறு பெட்டி பாருங்கள்.

இவை தவிர, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மெல்லிய கம்பி கொண்ட வெப்பநிலை சென்சார், வெப்பம் கடத்தும் பசை, விநாடிக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளும் ஒரு கணினி.

4. போர்டைத் தயார் செய்யுங்கள்

வளைகோடு எடுத்த பிறகு கெப்பாசிட்டரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் சுமைக் கெப்பாசிட்டர்களை (கிரிஸ்டலின் இரண்டு கால்களிலிருந்தும் தரைக்குப் போகும் சிறு கெப்பாசிட்டர்கள்) இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கிரிஸ்டலின் தரவுத்தாளில் சுமை 12.5 பிகோஃபாரட் என்று இருந்தால், இரண்டு பக்கமும் 12 போட்டுவிடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. கிரிஸ்டலின் பார்வையில் அந்த இரண்டும் தொடரில் இருக்கின்றன. எனவே 6 ஆகிவிடும். போர்டுத் தடங்களும் சிப்பின் கால்களும் சேர்ந்து 3 தந்தால் மொத்தம் 9. மாதிரிக்கு, இயக்கக் கெப்பாசிட்டன்ஸ் (கிரிஸ்டலின் அதிர்வுக்குச் சமமானது) 3 ஃபெம்டோஃபாரடும் இணைக் கெப்பாசிட்டன்ஸ் (அதன் மின்முனைகளுக்கு இடையே உள்ளது) 1.2 பிகோஃபாரடும் உள்ள இசைக்கவைக் கிரிஸ்டலில், 12.5-க்குப் பதில் 9 கொடுத்தால் அது சுமார் 38 பிபிஎம் வேகமாக ஓடும். நாளுக்கு மூன்று விநாடிக்கும் மேல். சரியான கணக்கு 2 × (12.5 − 3) = 19; கையில் கிடைப்பது 18.

கெப்பாசிட்டர் சி0ஜி வகையாக மட்டுமே இருக்கட்டும். அது டிகிரிக்கு 30 பிபிஎம்-க்கு மேல் மாறாது. 60 டிகிரி மாற்றத்தில் 18 பிகோஃபாரட் வெறும் 0.03 மாறும், அதிர்வெண்ணில் அது தெரியவே தெரியாது. மலிவான பீங்கான் கெப்பாசிட்டர் 10 சதவீதம் மாறினால் அதே கிரிஸ்டல் 7 பிபிஎம் போல நகரும். அப்புறம் நீங்கள் அளப்பது கிரிஸ்டலின் வளைகோடா, கெப்பாசிட்டரின் வளைகோடா என்று பிரிக்க முடியாது.

சாலிடர் செய்த கையோடு அளக்க வேண்டாம். சாலிடர் சூட்டில் கிரிஸ்டல் சில பிபிஎம் நகர்ந்துவிட்டு மெல்லத் திரும்பும். சில நாட்களாவது மின்சாரம் கொடுத்து ஓடவிடுங்கள். கால்களைச் சுற்றியுள்ள ஃபிளக்ஸைக் கழுவுங்கள். ஈரம் பட்டால் அது கசிவுப் பாதையாகிறது. 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஓடுவதால் இந்தக் கசிவு அவற்றை நிறுத்தியே விடும்.

கடைசியாக, கடிகாரச் சிப்பில் ஏற்கெனவே ஏதாவது திருத்தம் எழுதப்பட்டிருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள். பழைய திருத்தத்தின் மேல் புதிய வளைகோட்டை எடுத்துவிட்டு, ஏன் 40 பிபிஎம் தள்ளி நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. அதிர்வெண்ணை எங்கிருந்து எடுப்பது

கிரிஸ்டலின் காலில் புரோபை வைக்காதீர்கள். பத்து மடங்கு புரோபுகூட 10 பிகோஃபாரட் அளவுக்குச் சுமையைக் கூட்டும். அதிர்வெண் பல பத்து பிபிஎம் கீழே போகும், ஆசிலேட்டர் நின்றும் போகலாம். சிப்பிலிருந்து தாங்கிச் சுற்று (பஃபர்) வழியே வெளியே வரும் கடிகார வெளியீட்டுக் காலில் அளவெடுங்கள்.

கவுண்டர் இல்லாமலும் செய்யலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். அளக்க வேண்டிய கிரிஸ்டலிலேயே ஓடும் மைக்ரோகன்ட்ரோலரின் டைமருக்கு ஜிபிஎஸ் துடிப்பைக் கொடுங்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே தன் கடிகாரம் எத்தனை தட்டு தட்டியது என்று அது எண்ணிச் சொல்லும். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் சரியாக 1,00,00,000 வர வேண்டும். 99,99,950 வந்தால் −5 பிபிஎம். இதில் புரோபும் இல்லை, சுமையும் இல்லை.

32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இப்படி நேராக எண்ணக் கூடாது. ஒரு விநாடியில் 32,768 தட்டுதான்; ஒரு தட்டு கூடுதல் குறைவு என்பதே 30 பிபிஎம் ஆகிவிடும். 100 விநாடி காத்திருந்தாலும் 0.3 பிபிஎம்தான் பிரித்தறிய முடியும். எனவே தலைகீழாகச் செய்யுங்கள். அந்தக் கிரிஸ்டலிலிருந்து வரும் ஒரு விநாடித் துடிப்பின் நீளத்தை, ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்ட வேகமான கடிகாரத்தால் அளவெடுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தால் அளந்தால் ஒரே விநாடியில் 0.1 பிபிஎம் கிடைக்கும்.

இந்த ஒப்பீட்டுக் கடிகாரமும் ஜிபிஎஸ் தொகுதியும் பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் எல்லாமே ஒரே போர்டில் இருக்கும்போது மொத்தத்தையும் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறோம்.

6. வெப்பநிலை சென்சாரை ஒட்டுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதன் தோளில்தான் நிற்கின்றன.

காரணம் எண்களில் தெளிவாகத் தெரியும். இசைக்கவைக் கிரிஸ்டல் 25 °செ-இல் இருக்கும்போது சென்சார் ஒரு டிகிரி தப்பாகச் சொன்னாலும் பாதிப்பு 0.03 பிபிஎம்தான். அதே ஒரு டிகிரிப் பிழை 0 °செ-இல் 1.7 பிபிஎம். பரவளையத்தின் ஓரத்தில் சரிவு அவ்வளவு செங்குத்து. ஏடி வெட்டிலும் இப்படித்தான்: நடுவில் தட்டை, 85 °செ அருகே டிகிரிக்கு ஒரு பிபிஎம்-ஐ நெருங்கும். அறை வெப்பநிலையில் எல்லாம் பிரமாதமாகப் பொருந்தி, ஓரங்களில் மட்டும் கந்தலாகும் வளைகோடுகளுக்கு இதுதான் விளக்கம்.

சென்சாரைப் பெட்டியின் காற்றில் தொங்கவிடாதீர்கள். சிப்புக்கு அடியிலும் வேண்டாம். ஓடும் சிப் தானே சூடு தருகிறது. கிரிஸ்டலின் உலோக மூடியின் மேல், அல்லது அதன் தரைப் பட்டையோடு இணைந்த செப்புத் தடத்தில், கிரிஸ்டலைத் தொட்டபடி பசை வைத்து ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் சென்சார் தரையோடு சேர்ந்து சிறிது கெப்பாசிட்டன்ஸைக் கூட்டும். அதனால் வரும் நகர்வு ஒட்டும் முன்னும் பின்னும் அளந்தால் தெரிந்துவிடும்.

சென்சாரின் கம்பி மெல்லியதாக இருக்கட்டும், பெட்டிக்குள்ளேயே சில சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே எடுங்கள். தடித்த செப்புக் கம்பி வெளியிலிருந்து நேராக வந்தால், அதன் வழியே வெளி வெப்பம் சென்சாருக்குள் இறங்கும்.

இனி முக்கியமான விஷயம். திருத்தம் போடும்போது எந்த சென்சாரைப் படிக்கப் போகிறீர்களோ, அதே சென்சாரின் எண்ணை வைத்தே வளைகோட்டை எடுங்கள். மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் சென்சார் நாலைந்து டிகிரி தள்ளிச் சொல்லலாம். சொல்லட்டும். எப்போதும் ஒரே மாதிரி தள்ளிச் சொன்னால் அந்தப் பிழை வளைகோட்டுக்குள்ளேயே கரைந்துவிடும், உச்சி 25-க்குப் பதில் 29-இல் இருப்பதாகத் தெரியும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது உண்மையான டிகிரி அல்ல. அதே நிலையில் அதே எண் திரும்ப வருவது. கிரிஸ்டல் மேல் ஒட்டிய சென்சாரை இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொண்டு இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அளக்கும்போது போர்டு எப்படி ஓடுகிறதோ, பயன்பாட்டிலும் அப்படியே ஓட வேண்டும். சோதனையில் சிப் முழுவேகத்தில் எண்ணிக்கொண்டிருந்து, பயன்பாட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், சிப்புக்கும் கிரிஸ்டலுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் இரண்டிலும் வெவ்வேறாக இருக்கும். உறைக்குள் போகப் போகும் போர்டு என்றால் உறையோடு சேர்த்தே அளவெடுங்கள்.

7. சூடாக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

அறை வெப்பநிலையில், பெட்டியை மூடி, எதையும் சூடாக்காமல் ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். வரைபடம் கிட்டத்தட்ட நேர்கோடாக வர வேண்டும்.

குதித்தால் காரணம் அளவீட்டில்தான். ஜிபிஎஸ் விட்டுப்போயிருக்கலாம், டைமர் வழிந்ததை (எண்ணிக்கை எல்லையைத் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியதை) மென்பொருள் கவனிக்காமல் விட்டிருக்கலாம். மெல்லச் சரிந்துகொண்டே போனால் போர்டு இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்த்துவிட்டு நேராகப் பெட்டியைச் சூடாக்கினால், பிறகு ஒவ்வொரு குதிப்புக்கும் கிரிஸ்டலைத்தான் சந்தேகிப்பீர்கள்.

விசிறியை நிறுத்தியும் ஓட்டியும் பாருங்கள். அதிர்வெண் மாறினால் அது விசிறியின் அதிர்வாகவோ மின்வழங்கியின் இரைச்சலாகவோ இருக்கலாம். போர்டுக்கும் விசிறிக்கும் தனித்தனி மின்வழங்கி கொடுத்தால் தொல்லை பாதி குறையும்.

8. பெட்டிக்குள் ஓட்டம்

குளிரிலிருந்து தொடங்கிச் சூட்டுக்குப் போங்கள், அப்புறம் அதே புள்ளிகள் வழியாகத் திரும்பி வாருங்கள். போர்டைச் சிலிக்கா ஜெல்லோடு ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அறை வெப்பநிலையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். பைக்குள் இருக்கும் காற்று முதலில் உலரட்டும். உலராமல் குளிர்வித்தால் கிரிஸ்டலின் கால்களில் பனி படியும். குளிர்ந்த போர்டைப் பையிலிருந்து எடுக்கும் முன் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.

எத்தனை புள்ளிகள் என்பதில்தான் புதியவர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். குளிர், அறை, சூடு என்று மூன்றே புள்ளிகள் எடுத்து முடித்துவிடுவார்கள். ஏடி வெட்டில் இது எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். ஒரு கிரிஸ்டலின் வளைகோடு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

விலகல் = −0.2 × வி + 0.0001 × வி³ (வி என்பது 26 °செ-இலிருந்து உள்ள வித்தியாசம்)

வி = 0, அதாவது 26 °செ-இல் விலகல் பூஜ்யம். வி = 44.7, அதாவது 71 °செ-க்குச் சற்றுக் கீழே மறுபடி பூஜ்யம். வி = −44.7, அதாவது −19 °செ அருகே மறுபடியும் பூஜ்யம். இந்த மூன்று இடங்களில் மட்டும் அளந்தவர், உலகத்திலேயே நிலையான கிரிஸ்டல் தன்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் 0 °செ பக்கத்தில் அது 3.4 பிபிஎம் வேகமாகவும், 52 °செ பக்கத்தில் அதே அளவு மெதுவாகவும், 86 °செ-இல் கிட்டத்தட்ட 10 பிபிஎம் வேகமாகவும் ஓடுகிறது.

ஐந்து டிகிரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். பரவளையம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் பத்து டிகிரிக்கு ஒன்று போதும்.

ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நேரம் நிற்பது? பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அதிர்வெண்ணையே பாருங்கள். அடுத்தடுத்த மூன்று ஒரு நிமிடச் சராசரிகள் 0.1 பிபிஎம்-க்குள் நின்றால் கிரிஸ்டல் அடங்கிவிட்டது. சென்சார் அடங்கிய பிறகும் அதிர்வெண் நகர்ந்துகொண்டிருந்தால், சென்சார் கிரிஸ்டலைத் தொடவில்லை என்று பொருள். படி 6-க்குத் திரும்புங்கள்.

குளிரின் கடைசிப் புள்ளியில் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆசிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்; தொடங்குவதுதான் அதற்குக் கஷ்டம். வெப்பநிலையின் இரண்டு ஓரங்களிலும் இதைச் செய்துவிட்டால், பின்னால் வரும் ஒரு பெரிய தலைவலி இப்போதே தெரிந்துவிடும்.

9. ஏறும் வரியும் இறங்கும் வரியும்

இரண்டு ஓட்டங்களையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். படியாமல் நடுவே இடைவெளி இருந்தால், அதைக் கிரிஸ்டலின் குணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

நிற்காமல் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வேகத்தில் ஏற்றி இறக்கியவர்களுக்கு இது கட்டாயம் வரும். சென்சாருக்குப் பின்னால் கிரிஸ்டல் இரண்டு நிமிடம் தாமதமாக வருகிறது என்றால், ஏறும்போது இரண்டு டிகிரி, இறங்கும்போது எதிர்ப்பக்கம் இரண்டு டிகிரி. 0 °செ அருகே, இசைக்கவைக் கிரிஸ்டலில் இரண்டு வரிகளுக்கும் நடுவே ஏறக்குறைய 7 பிபிஎம் இடைவெளி. கிரிஸ்டலில் ஒரு கோளாறும் இல்லை.

பிரித்தறியும் வழி எளிது. வேகத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். இடைவெளியும் பாதியானால் தாமதம்தான் காரணம். இன்னும் மெதுவாகப் போக வேண்டும். வேகத்தைக் குறைத்தும் அப்படியே நின்றால் அது கிரிஸ்டலின் உண்மையான நினைவு. அதைத் திருத்த முடியாது, இரண்டு வரிகளின் நடுவே போகும் கோட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிழைக் கணக்கில் எழுதுங்கள்.

10. வளைகோட்டைப் பொருத்துங்கள்

முதலில் எல்லா வெப்பநிலைகளிலிருந்தும் 25-ஐக் கழித்துவிடுங்கள். 85-ஐக் கனப்படுத்தினால் ஆறு லட்சத்தைத் தாண்டும். சிறிய சிப்பின் ஒற்றைத் துல்லியக் கணக்கில் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். 60-ஐக் கனப்படுத்துவது அதைவிடப் பரவாயில்லை, நடுப்பகுதியில் எண்கள் சிறியவையாகவும் இருக்கும்.

இசைக்கவைக்கு இரண்டாம் அடுக்கு, ஏடி வெட்டுக்கு மூன்றாம் அடுக்கு. அதற்கு மேல் போக ஆசைப்படாதீர்கள். ஏழாம் அடுக்கு எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போகும், புள்ளிகளுக்கு நடுவிலும் எல்லைக்கு வெளியிலும் கன்னாபின்னாவென்று ஆடும். அது பொருத்துவது உங்கள் அளவீட்டுப் பிழையை.

பொருத்திய பிறகு மிச்சத்தை, அதாவது அளந்ததற்கும் வளைகோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக வரையுங்கள். வளைகோட்டைவிட இந்தப் படம்தான் அதிகம் பேசும். புள்ளிகள் பூஜ்யத்தைச் சுற்றி ஒழுங்கில்லாமல் சிதறினால் வேலை முடிந்தது. ஓரங்களில் மட்டும் ஒரே திசையில் விலகினால் சென்சாரைச் சந்தேகியுங்கள். ஒரே ஒரு வெப்பநிலையில் மட்டும் அதிர்வெண் குதித்து, அடுத்த புள்ளியில் பழைய இடத்துக்கு வந்தால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு டிகிரிக்கு ஒரு புள்ளி என்று மறுபடி எடுங்கள். மீண்டும் அதே இடத்தில் வந்தால் கிரிஸ்டலின் வேறொரு அதிர்வு முறை அந்த வெப்பநிலையில் குறுக்கே வருகிறது. எந்தக் கணக்காலும் இதைச் சரிசெய்ய முடியாது, கிரிஸ்டலை மாற்றுங்கள்.

11. திருத்தம் போடுங்கள்

கிரிஸ்டல் −21 பிபிஎம் என்றால் நீங்கள் +21 சேர்க்க வேண்டும். இவ்வளவு சாதாரணமான குறியில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகள் பலவற்றில் உள்ள கடிகாரத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். 32 விநாடியில் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 10,48,576 துடிப்பு தருகிறது. அதில் ஒரு துடிப்பைக் கூட்டுவதோ குறைப்பதோதான் திருத்தத்தின் ஒரு படி, அதாவது 0.954 பிபிஎம். இதில் துடிப்பைக் குறைக்க 0 முதல் 511 வரை எந்த எண்ணும் கொடுக்கலாம். கூட்ட அப்படி வசதியில்லை. ஒரே ஒரு பிட், அதைப் போட்டால் மொத்தமாக 512 துடிப்பு சேரும்.

21 பிபிஎம் சேர்க்க 22 துடிப்பு வேண்டும். அதற்கு 512 சேர்க்கும் பிட்டைப் போட்டு, குறைக்கும் இடத்தில் 490 என்று எழுத வேண்டும். 512-இல் 490 போக 22. இதைக் கவனிக்காமல் நேராக 22 என்று எழுதிவிட்டால் துடிப்பு குறையும், கடிகாரம் −21-லிருந்து −42-க்குப் போகும். திருத்தம் போட்ட பிறகு பிழை சரியாக இரண்டு மடங்கானால் வேறெங்கும் தேட வேண்டாம், குறிதான்.

நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படித்துத் திருத்தத்தை மாற்றினால் பெரும்பாலும் போதும். ஒற்றை அளவீட்டை அப்படியே நம்பாமல் பத்துப் பதினாறு அளவீடுகளின் சராசரியை எடுங்கள். வளைகோடு எடுத்த எல்லைக்கு வெளியே வெப்பநிலை போனால் கணக்கை நீட்டாதீர்கள், ஓர எண்ணிலேயே நிறுத்திவிடுங்கள்.

12. மறுபடி பெட்டிக்குள்

திருத்தம் ஓடும் நிலையில் போர்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, முன்பு எடுக்காத வெப்பநிலைகளில் அளவெடுங்கள். முன்பு 0, 5, 10 என்று எடுத்திருந்தால் இப்போது 2, 7, 12. பழைய புள்ளிகளிலேயே சரிபார்த்தால் நன்றாகத்தான் வரும். அவற்றை வைத்துத்தானே பொருத்தினோம்.

இந்த முறை ஒரு விநாடித் துடிப்பைத் தனித்தனியாகப் பார்த்து மிரளாதீர்கள். திருத்தத் துடிப்புகள் 32 விநாடிக்குள் பரவிக் கிடப்பதால், ஒரு விநாடிக்கும் அடுத்ததற்கும் 30 பிபிஎம் குதிப்பு தெரிவது இயல்பு. 32 விநாடி அல்லது அதன் மடங்குகளில் சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். 10 அல்லது 60 விநாடிக்கு எடுத்தால் இல்லாத ஆட்டம் தெரியும்.

மிச்சம் எங்கும் 2 பிபிஎம்-க்குள் நின்றால் குணகங்களை அந்தப் போர்டின் நினைவகத்தில் எழுதி, எடுத்த தேதியையும் 25 °செ-இல் இருந்த விலகலையும் சேர்த்துப் பதியுங்கள். ஆண்டு ஒன்று கழிந்து கடிகாரம் நகர்ந்தது தெரிந்தால் முழு ஓட்டமும் தேவைப்படாது. வளைகோட்டின் வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மேலோ கீழோ நகர்ந்திருக்கும், அவ்வளவே. அறை வெப்பநிலையில் ஒரே ஒரு அளவீடு எடுத்து, பதிந்து வைத்த விலகலோடு ஒப்பிட்டு, மாறிலியை மட்டும் மாற்றினால் போதும்.